கரையிறங்கிய ஆண்டு: மிஷனரிமாரின் தொடக்ககால எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

மிஷனரிமாரின் தமிழ்ப்பணி பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டிலொரு நிலைப்பாட்டினை மேற்கொள்வர். அகராதியும் அச்சுக்கூடமும் உரைநடையும் தந்தோர் எனப் போற்றுவது ஒன்று. குடியேற்ற ஆட்சியின் கையாட்களாய் வந்தோர் எனத் தூற்றுவது மற்றையது. தம்முள் மாறுபடும் இவ்விரு சாராரும் ஒரு வகையில் ஒன்றுபடுகின்றனர். இருவரும் நோக்குவது மிஷன் ஈட்டிய பயனையே. வின்சிலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியையோ, வட்டுக்கோட்டையில் 1823இல் எழுந்த செமினரியையோ முன்வைத்தே வழக்கு நடைபெறுகின்றது. அகராதி தொகுத்தவரும் ஒருகால் ஒரு சொல்லும் அறியாதவராய்க் கரையிறங்கினார் என்பதோ, அந்த ஓராண்டு அவர் தண்ணீர் கேட்பதற்கும் பிறர் துணையை நாடி நின்றிருப்பார் என்பதோ எவருக்கும் பொருட்டாவதில்லை.

அம்முதலாண்டினைப் பற்றிய எழுத்துக்களையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. பிறநாட்டில் வந்து அமரும் மிஷனரி, ஆசிரியனாய்ப் பீடமேறுமுன் மாணவனாய் இருக்கும் ஒரேயொரு காலம் அது. அதிகாரம் அவன் கையில் முற்றாக வந்து சேராத காலம். ஆதலின் அவனது வாழ்வில் விமரிசகனுக்கு மிகவும் பயன்படத்தக்க காலமும் அதுவே. எனினும் அவ்வாண்டு அவ்வாண்டிலேயே எழுதப்பட்டு, எழுதியவாறே நமக்குக் கிடைப்பது அரிது.

நமது மாகாணத்தோடு தொடர்புடைய எடுத்துக்காட்டினை முதலில் நோக்குவோம். ஆசியாவிலே மெதடிஸ்த மிஷனை நிறுவும் நோக்கத்தோடு கலாநிதி தோமஸ் கோக் 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். உடன் வந்த இளம் போதகர் அறுவர்: லிஞ்ச், ஸ்குவன்ஸ், ஓல்ட், எர்ஸ்கின், கிளவ், ஹாவார்ட். 1814 மே 3ஆம் திகதி நடுக்கடலிற் கோக் காலமானார். பணம் பெறுதற்குரிய கடிதங்கள் அவர் பெயரிலேயே இருந்தமையால் பம்பாயில் இறங்கியவர்கள் கையிற் காசின்றி நின்றனர். அந்நகர வர்த்தகர் ஒருவர் நம்பிக் கொடுத்த பணமே அவர்களைத் தாங்கிற்று. ஜூன் 29இற் காலிக்கு வந்து சேர்ந்தோர், ஜூலை மாதத்தில் தம்முள் ஊர்களைப் பங்கிட்டுக் கொண்டனர். லிஞ்சும் ஸ்குவன்சும் யாழ்ப்பாணம் சென்றனர். எர்ஸ்கின் மாத்தறைக்குச் சென்றார். கிளவ் காலியில் நின்றார். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார், தனியே. அவருடன் கப்பலேறிய மனைவி பயணத்தின்போதே இறந்துவிட்டார். புளியந்தீவுக் கோட்டையை அண்டிய சிறு நகரிலே போதனையும் பள்ளிக்கூடமும் தொடங்கிய அவர் 1815 ஏப்பிரல் 1ஆம் திகதி மறைந்தார். இலங்கை மண்ணில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ ஒன்பது திங்களே.

ஆகவே ஓல்டுக்கு இரண்டாம் ஆண்டென ஒன்றில்லை. பிற மிஷனரிமாரின் முதலாண்டுத் தடுமாற்றத்தைப் பின்வந்த ஆண்டுகளின் சாதனை மூடிவிடுகின்றது. ஓல்டின் வாழ்வில் மூடுதற்கு எதுவுமில்லை. அவ்வாறாயின் அவ்வாழ்வு தடுமாற்றமாகவே நினைக்கப்பட வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. 2014இல் இருநூறாண்டு நிறைந்த மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரையே தாபகராகப் போற்றுகின்றது. நகரிலே அவருக்குச் சிலையுமுண்டு. முடிவுறாத ஒரு முதலாண்டு, தாபித்தற் கதையாக மாறியது எவ்வாறு என்பதே நாம் வினவவேண்டியது.

இம்மாற்றத்தின் தொடக்கத்தினை ஹாவார்ட் எழுதி 1823இல் இலண்டனில் வெளியிட்ட மிஷன் வரலாற்றிற் காணலாம். அதன் தலைப்பே இலங்கை, இந்திய மிஷனின் தாபிதமும் வளர்ச்சியும் பற்றிய விருத்தாந்தம் எனப் பொருள்படுவது. தாபிதமும் வளர்ச்சியும் எனப் பெயரிட்டபின் அந்நூலில் வரும் மரணமும் ஒரு படிக்கல்லாகியே தீரும். மேலும் ஒன்று. இலங்கையின் இயற்கை, அரசியல், சமய வரலாறுகள் பற்றிய முன்னுரைச் சித்திரம் ஒன்று நூலின் வாயிலில் வைக்கப்பட்டுள்ளது. இது அக்காலப் பயண நூல்களுக்கும் பொதுவான மரபே. ஆயினும் அம்மரபு செய்யும் காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். அநுபவத்தில் முதலில் வந்தது அறியாமை. நூலில் முதலில் வருவது அறிவு. காலியிற் கரையிறங்கிய இளைஞர்க்குத் தெரிந்திராதவை யாவும் வாசகனுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகின்றன. ஆகவே இளைஞர் கரையிறங்கும் அதிகாரத்துக்கு வரும்போது, தீவு ஏற்கெனவே விளக்கப்பட்டுவிட்ட பொருளாகக் கிடக்கின்றது. அதனிடத்துக் கற்றற்கு எதுவும் மீதமில்லை. கரையிறங்கியவனது திகைப்பை அந்நூலின் அமைப்பே தின்றுவிடுகின்றது.

ஹாவார்ட் நேர்மையற்றவர் என்பது இதன் கருத்தன்று. ஓல்டின் ஆண்டு அவருடைய ஆண்டு அன்று என்பதே கருத்து. ஏனையோர் காலிக்குப் புறப்பட்டபோது ஹாவார்ட் தம் மனைவியோடு பம்பாயிலே தங்க நேர்ந்தது. 1815இலேயே அவர் இலங்கைக்கு வந்தார். வந்தபின்னும் அவரது களம் கொழும்பு, அவரது கருவி அச்சுக்கூடம். மட்டக்களப்பை அவர் அறிந்தது பிறர் எழுத்தாலும் வாய்மொழியாலுமே. ஹரியற் வின்சிலோவின் சரிதமும் இவ்வாறே நமக்குக் கிடைத்தது. 1820இல் யாழ்ப்பாணம் வந்து, உடுவிலில் மகளிர் பள்ளியை 1824இல் தொடக்கிய அவ்வம்மையார் 1833இல் மறைந்தார். கடிதங்களையும் நாட்குறிப்புக்களையும் தொகுத்து 1835இல் நூலாக்கியவர் அவர் கணவர் மைரன் வின்சிலோ. வீட்டை ஒழுங்கு செய்தல், நோய், பிள்ளைப்பேறு, தனிமை ஆகிய முதலாண்டுச் செய்திகள் ஆண் மிஷனரிமாரின் அறிக்கைகளிலும் பார்க்கப் பெண்களின் கடிதங்களிலேயே மிகுதியாக இடம்பெறுதல் இயல்பு. அவை அச்சேறும்போது இறந்த பெண்ணின் பக்திக்குச் சான்றாகவே அச்சேறுகின்றன. முதலாண்டைப் பற்றி எழுதுவோர் ஒருவர். அதை வெளியிடுவோர் மற்றொருவர். இவ்விடைவெளியைக் கணக்கிலெடாது இந்நூல்களை நேரடிச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் உண்டு.

இவற்றோடு ஒப்புநோக்கத் தக்கவை, ஒரு நூற்றாண்டு முந்திய சீகன்பால்குவின் தரங்கம்பாடிக் கடிதங்கள். 1706 ஜூலையிலே, புளூட்சோ என்பாருடன் சீகன்பால்கு அங்கு வந்திறங்கினார். அனுப்பியவன் டென்மார்க்கின் அரசனாயினும் அக்கோட்டைத் தளபதி அவர்களை விரும்பவில்லை. வரவேற்பே அவமதிப்பாக இருந்தது. 1708இன் இறுதியிற் சீகன்பால்கு சிறையிலும் இடப்பட்டு நான்கு திங்கள் கிடந்தார். தம் இனத்தவரால் ஒதுக்கப்பட்டவருக்குத் தமிழரை நாடுவதன்றி வேறு வழியில்லை. முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம்மிடம் வருவித்து, அவரிடம் பயிலும் சிறுவரோடு தாமும் இருந்து மணலிலே எழுத்துப் பழகினார். கொம்பனியிற் பணிபுரிந்து பன்மொழி கற்றிருந்த அழகப்பன் அவருக்குத் துபாஷியானான். காலை முதல் இரவுவரை எவ்வேளையில் எவரோடு எந்நூலை வாசித்தார் என்பதையெல்லாம் நாழிகைக் கணக்காக அவர் எழுதியுள்ளார். 1708 அளவிலே தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியலொன்றும் வகுத்தார். பெயரறியப்பட்ட ஆசிரியன், பெயரறியப்பட்ட துபாஷி, பெயரறியப்பட்ட நூல்கள்! மதமாற்ற நோக்கம் அவரிடத்துக் குறைந்திருந்ததென எவரும் கூறார். ஆனால் கற்பவனது நிலை அக்கடிதங்களில் மறைக்கப்படவில்லை. மறைக்க முயன்றோர் ஊரிலிருந்தவர்களே. அவர் 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலைச் ஹாலே நகரத்துத் தலைவர்கள் விரும்பவில்லை. அது அச்சு வாகனம் ஏறியது 1867இலேயே.

சீகன்பால்குவையும் ஓல்டையும் அருகருகே வைக்கும்போது ஒரு வேறுபாடு துலக்கமாகின்றது. முன்னவரை ஆட்சி பகைத்தது. பின்னவரை ஆட்சி வரவேற்றது. தேசாதிபதி பிரவுண்றிக் அப்போதகர்களுக்கு ஆதரவளித்ததோடு, ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்துவதற்கென வேதனமும் வழங்க முன்வந்தார். கையிற் காசின்றி வந்தவர்களுக்கு அது பேருதவி. மறுத்திருப்பார்கள் என எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் அவ்வுதவி முதலாண்டின் போக்கையே திருப்பிவிட்டது. ஊரவரின் மொழியைக் கற்கவேண்டிய மாணவன், ஊரவர்க்குத் தன் மொழியைக் கற்பிக்கும் ஆசிரியனாக முதல் மாதத்திலேயே ஆக்கப்பட்டான். பகைவரை உடையவன் தமிழ் கற்றான்; புரவலரை உடையவன் ஆங்கிலம் கற்பித்தான்.

இதனை இயந்திரரீதியான விதியாகக் கொள்ளல் தவறு. அதே வெஸ்லியன் மிஷனைச் சார்ந்து 1826இல் வந்த பேர்சிவல் தமிழில் ஆழ்ந்தார், பழமொழிகளைத் தொகுத்தார், வேதாகம மொழிபெயர்ப்பில் ஆறுமுகநாவலரின் துணையைப் பெற்றார். மட்டக்களப்பிலே பணியாற்றிய ரால்ஃப் ஸ்தொட் என்பார், இங்குக் கற்ற தமிழை மூலதனமாகக் கொண்டு 1862இல் நேட்டாலுக்குச் சென்று, கரும்புத் தோட்டங்களிற் கூலிகளாயிருந்த தமிழரிடையே பணிபுரிந்தார். (மட்டக்களப்புத் தமிழ் ஆபிரிக்காவுக்கு ஏறிய கதை தனியே ஆராயத்தக்கது.) மறுபுறம், ஆட்சியின் ஐயத்துக்குள்ளாகிய அமெரிக்க மிஷனின் நிலையோ நமது கருத்துக்கு வலுச்சேர்ப்பது. 1820இல் வந்த அவர்களது அச்சாளர் காரெற் நாட்டைவிட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டார். புதியோர் வரவும் தடுக்கப்பட்டது. தாய்மொழிப் பள்ளிகளிலும் தமிழ் நூற்பயிற்சியிலும் அம்மிஷன் காட்டிய அழுத்தத்துக்கு இந்நிலையும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

இனி, இவ்வெழுத்துக்களில் இடம்பெறாதோரைப் பற்றிச் சொல்லவேண்டும். மட்டக்களப்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிற் கல்முனை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீளும் முஸ்லிம் ஊர்கள் 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை மட்டக்களப்பின் பகுதியே. கண்டியரசன் செனரத் 1626இல், போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களை இக்கரையிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்களில் எடுத்தாளப்படும் செய்தி. அவ்வாறாயின் ஓல்ட் கரையிறங்கும்போது அவர்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பழைமையுடையோர். அவர்களது வீட்டுமொழி தமிழ். அவர்தம் பிள்ளைகள் லெப்பையிடம் குர்ஆன் ஓதக் கற்றனர். அரபு எழுத்திலே தமிழை எழுதும் வழக்கமும் முஸ்லிம்களிடையே இருந்தது. மிஷன் நூல்களின் வகைப்பாட்டிலோ தமிழர் என்போர் சைவர். இவர்கள் மூர் என்போர். போர்த்துக்கேயர் மொறொக்கோவிலிருந்து தூக்கிவந்த சொல்லொன்று, தமிழ் பேசும் ஒரு சமுதாயத்தின்மேல் இடப்பட்டு, அவர்களைத் தமிழ் என்னும் தலைப்பின் கீழிருந்தே அகற்றிவிட்டது. இச்சொல்லை ஆக்கியவர் மிஷனரி அல்லர். 1888இல் இராமநாதனும் 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸும் சோனகரின் இனத்துவம் பற்றி எதிரெதிரே எழுதியபோது அவ்விவாதத்துக்கு அரசியலே அடிப்படை. ஆயினும் மொழியை ஒருபுறமும் சமயத்தை மறுபுறமுமாக நிறுத்திப் பார்க்கும் பார்வை, மிஷன் எழுத்துக்களிலும் கேள்வியின்றி ஓடியது என்பதை மறுக்கமுடியாது.

வந்தவர் எங்கே குடியிருந்தார் என்பதும் அவர் எதைக் கண்டார் என்பதைத் தீர்மானிக்கும். இக்கரையின் சமூக அமைப்பிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையை உடையவர். பள்ளிவாசல் மரைக்காயர்மாரும் குடிவழியே வருவர். வீடு பெண்ணுக்குரியது, மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டிற் சென்று அமர்வான். புதிய வீட்டிலே பேச்சடக்கிப் பழகும் முதலாண்டு எத்தகையதென்பது இங்குள்ள ஒவ்வோர் ஆணுக்கும் தெரியும். வந்தமர்தல் பற்றிய இலக்கணம் ஒன்று இவ்வூர்களில் ஏற்கெனவே இருந்தது. மாப்பிள்ளைக்கு உள்ள உரிமையும் அவனுக்குள்ள கட்டுப்பாடும் அவ்விலக்கணத்தில் அடங்கும். கோட்டை நிழலிலே வாழ்ந்த போதகனுக்கு அவ்விலக்கணம் தேவைப்படவில்லை. அவனை ஏற்ற வீட்டார் என எவருமில்லை.

இவ்வமைப்பை முறையாக எழுத்திற் பதிந்தோருள் முக்கியமானவர், 1969இன் பின் அக்கரைப்பற்றில் வந்து தங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. அவரும் மொழி பழகிய அந்நியரே. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இக்கரையைப் பற்றிய அவரது பெருநூல் 2008இலேயே வெளிவந்தது. முதலில் வந்த ஆண்டுகளுக்கும் நூலுக்கும் இடையே நாற்பதாண்டு அளவிலான காலம் உள்ளது. மானிடவியலாளனும் ஒருவகை மிஷனரியே என்னும் வாதம் சில கருத்தரங்குகளிற் கேட்பதுண்டு. அது விரைந்து சொல்லப்படும் வாதம். மானிடவியலாளனது முதலாண்டு கற்பதற்கென ஒதுக்கப்பட்டது. மிஷனரியின் முதலாண்டு அறிக்கைக்கு விடைகூற வேண்டியது. ஆண்டு முடிவிலே எத்தனை பள்ளிகள், எத்தனை ஆன்மாக்கள் எனக் கேட்கும் ஒரு சபை கடலுக்கப்பால் இருந்தது. 2004 டிசம்பர் கடற்கோளின் பின் இக்கரைக்கு வந்த தொண்டு நிறுவனத்தாரின் அறிக்கைகளை வாசித்தோர்க்கு இக்கேள்வியின் தொனி புதிதன்று. துபாஷியோடு வந்து, கட்டிய வீடுகளை எண்ணி, ஆண்டு முடியுமுன் திரும்பியோரும் அவர்களுள் இருந்தனர்.

ஏற்போர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை எவை? இங்கேதான் நமது இலக்கிய வரலாறு மெலிந்து காணப்படுகின்றது. நாவலரின் கண்டனங்கள் உள்ளன. அவை யாழ்ப்பாணத்துச் சைவப் பகைப்புலத்தில் எழுந்தவை. முஸ்லிம்களிடையே அறிஞர் சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடக்கி ஆங்கிலக் கல்வியின் இன்றியமையாமையை வற்புறுத்தினார். 1885இல் அசன்பேயுடைய சரித்திரத்தை எழுதினார். மிஷன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற அச்சமும், அனுப்பாவிடின் உலகில் இடமில்லை என்ற கவலையும் அவரது முயற்சிகளின் பின்னணி. ஆனால் அவர் கண்டியிலிருந்து எழுதியவர். கல்முனைக் கரையில் அவ்வச்சம் எவ்வாறு பேசப்பட்டது என்பதை அவர் பத்திரிகையிலிருந்து மாத்திரம் அறிதல் இயலாது.

அவ்வச்சத்தின் விலையை மாத்திரம் நாம் அறிவோம். கல்முனையிலே மெதடிஸ்த மிஷன் பள்ளி நடந்தது. அருகிலுள்ள காரைதீவில் 1892இற் பிறந்த மயில்வாகனன் அங்கே பயின்றார். பின் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரி சென்றார். விபுலானந்த அடிகளாகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். மிஷன் தந்த ஆங்கிலத்தைப் பெற்று, மிஷன் எதிர்பாராத வழியிலே அதனைச் செலுத்திய பெருமை அவருடையது. அதே நிலப்பரப்பில், அதே பள்ளிக்கு நடந்து செல்லும் தூரத்தில், முஸ்லிம் பெற்றோருட் பெரும்பாலோர் விலகியே நின்றனர். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் கண்டது இந்நிலையையே. அவர் இங்கே தொடக்கிய கல்விச் சங்கமும், 1945இல் அதன் தொடர்ச்சியாய் எழுந்த முஸ்லிம் கல்விச் சகாயநிதியும், 1949இல் தோன்றிய கல்முனை ஸாஹிறாவும் ஒரு நூற்றாண்டுத் தாமதத்தை ஈடுசெய்ய எழுந்தவை. மட்டக்களப்பு மத்திய கல்லூரிக்கும் ஸாஹிறாவுக்குமிடையே 135 ஆண்டுகள்.

இத்தாமதத்துக்கு முஸ்லிம்களின் பிற்போக்கே காரணம் எனக் கூறுவது எளிது. நம்முட் பலர் அவ்வாறே கூறியுமுள்ளனர். முதலாண்டு எழுத்துக்களை வாசித்தபின் அவ்விளக்கம் போதியதாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தோடு வந்தவன் தன்னை ஏற்க வேண்டிய சமுதாயத்தை ஏற்போராகக் கருதவில்லை. தமிழ் பேசுவோர் என்ற அளவிலேனும் அவர்களை ஒரு சேர எண்ணவில்லை. சீகன்பால்கு திண்ணைக்குச் சென்றதுபோல லெப்பையின் பள்ளிக்கூடத்து வாயிலுக்கு எவரேனும் மாணவனாய்ச் சென்றிருப்பின் நிலைமை வேறாகியிருக்குமா என்பது ஊகம். சென்றார் என்ற பேச்சு நமக்கு வழங்கும் மிஷன் வரலாறுகளில் எழவில்லை என்பது ஊகமன்று.

ஓல்டின் நினைவு கொண்டாடப்படுவதில் எவருக்கும் மனத்தாங்கல் இருத்தலாகாது. மனைவியைக் கடலிற் பறிகொடுத்து, மொழி தெரியாத ஊரில், காய்ச்சலோடு பள்ளி நடத்தியவர் அவர். ஆனால் அவர் தமிழ் கற்று முடிக்குமுன் இறந்தார். அவ்வொன்பது திங்களும் அவர் பேசிய ஒவ்வொரு பிரசங்கமும் மற்றொருவன் வாயாலேயே ஊரவர் காதை அடைந்திருக்கவேண்டும். தரங்கம்பாடியின் அழகப்பனை நாம் அறிவோம். மட்டக்களப்பின் துபாஷியை எந்த நினைவுமலரும் பேசக் கேட்டதில்லை. அவன் சைவனா, பறங்கியனா, எவ்வூரான், ஆங்கிலத்தை எவரிடம் கற்றான், எவற்றை மொழிபெயர்த்தான், எவற்றை மொழிபெயர்க்காது விட்டான் என்ற வினாக்களோடு இலண்டனிலுள்ள மிஷன் கடிதக் கட்டுக்களையும் கொழும்புச் சுவடிக்கூடத்தையும் அணுகவேண்டியது இனி ஆய்வுக்குப் புகும் கிழக்கு மாகாண மாணவரின் வேலை.